ஜமீனின் மூக்கு

சின்னண்ணன் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். மகள் மைதிலிக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் வேலை, நிலம், சொந்தம் என்று ஒவ்வொன்றாக விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே பையனின் மூக்கை நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்து முடித்துவிட்டு, "நல்ல மூக்குங்க" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை சபரிநாதன் அதற்கப்புறம் பல நாள் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றதாகக் கேள்வி.

தொழில் அப்படி. நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிற எவருக்கும் அவரைத் தெரியும். கூண்டில் நெருக்கமாக வளர்கிற கோழிகள் சும்மா இருக்காது. ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும், ரத்தம் வந்தால் கூட்டமே சேர்ந்து கொத்திக் கொன்றுவிடும். அதனால் குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியைச் சூடான பிளேடால் வெட்டிவிடுவார்கள். பண்ணைக்காரர்கள் அதை அலகு என்று சொல்ல மாட்டார்கள், மூக்கு என்பார்கள். இவரும் 'மூக்கு வெட்டுற சின்னண்ணன்' ஆனார். ஜேடர்பாளையம் சாலையில் மொபெட்டின் பின்னால் மூக்கு வெட்டுகிற மிஷினைக் கட்டிக்கொண்டு ஒருவர் நடுரோட்டை விட்டு ஓரமாக, மாட்டு வண்டிக்கும் வழி விட்டுப் போகிறார் என்றால் அது அவர்தான்.

வேலையில் அவருக்கு அவசரமே கிடையாது. கட்டைவிரல் குஞ்சின் தலைக்குப் பின்னால், ஆள்காட்டி விரல் தொண்டைக்கு அடியில். அந்த விரலை லேசாக அழுத்தினால் குஞ்சு நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் மூக்கைப் பிளேடில் வைத்து எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் குஞ்சு தீவனம் எடுக்காது. மேலோட்டமாக வெட்டினால் மறுபடி வளர்ந்து கொத்தும். இதை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, மறுபடி பார்த்துக் கற்றுக்கொண்டது. வேலை முடிந்தாலும் உடனே கிளம்ப மாட்டார். வெட்டிய குஞ்சுகள் தண்ணீரில் மூக்கை நனைத்துக் குடிக்கிற வரை குத்த வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் மனைவி சௌந்திரம் அவரைப் பின்பக்கத் தொட்டியில் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவாள். தீய்ந்த மூக்கின் வாடை சோற்றுக்குள் வரைக்கும் வரும் என்பது அவள் கட்சி.

அவர் கை பட்ட பண்ணையில் கோழி கொத்தாது என்று ஒரு பேர். அந்தப் பேருக்கு வினை அவர் வீட்டுப் போர்டிகோவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மைதிலி கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு கிளிகள் அவை. கடைக்காரர் காக்டெயில் என்றுதான் சொல்லிக் கொடுத்தார். நாலு பேர் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லச் சௌந்திரத்துக்குக் கூச்சம். ஆகவே வீட்டில் கொண்டைக்கிளி. மஞ்சள் முகம், கன்னத்தில் குங்குமம் அப்பிய மாதிரி ஒரு வட்டம், தலையில் நிமிர்ந்த கொண்டை என்று நடை போடுகிற ஆணுக்கு மைதிலி ஜமீன் என்று பெயர் வைத்தாள். சாம்பல் நிறத்தில் சாதுவாக இருந்த பெட்டை மல்லிகா. ஒன்று நகர்ந்தால் மற்றது நகரும். ஒன்று தின்றால் மற்றது தின்னும். தூங்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பறவை மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி மைதிலி சங்ககிரிக்குப் போனாள். சபரிநாதனுக்கு அங்கே லாரி புக்கிங் ஆபீசில் வேலை. மாமியார் பூனை வளர்க்கிறவர். பூனையைப் பற்றி மருமகள் ஏதும் சொல்ல முடியாது. ஆகவே கிளிகள் அப்பா வீட்டிலேயே நின்றன. காரில் ஏறும்போது எல்லோரும் அழுதுகொண்டிருக்க, மைதிலி அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கங்கப்பா. எது ஆனாலும் பிரிச்சுராதீங்க."

"பிரிப்பனா சாமி? நீ போயிட்டு வா" என்றார் சின்னண்ணன்.

அன்றிலிருந்து கிளிகளை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார். கூண்டுப் பறவையை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைதிலியின் சின்னக் கூண்டைக் கழித்துவிட்டு, பண்ணைக் கம்பி வலையில் பெரிய கூண்டு செய்தார். மேலே ஒரு டியூப்லைட். முட்டைக்கோழிக் கொட்டகையில் விளக்கு விடியும் முன்னாலேயே எரிய ஆரம்பித்து, இருட்டி வெகுநேரம் ஆன பிறகுதான் அணையும். அதே மாதிரி இதற்கும் ஒரு டைமரைப் பொருத்தினார். தினையோடு கொஞ்சம் கருவாட்டுத் தூள், கொஞ்சம் கிளிஞ்சல் பொடி, கொஞ்சம் சோயா. குளிருக்கு அண்டிக்கொள்ள வாய் குறுகின மண்கலயம் ஒன்றில் உமி பரப்பி, கூண்டுக்குள் கட்டித் தொங்கவிட்டார். யோசித்துச் செய்ததில்லை. முப்பது வருடமாகப் பண்ணை பண்ணையாகப் பார்த்தது கைக்குத் தானாக வந்தது.

கிளிகள் பளபளவென்று ஆயின. ஜமீன் விளக்கு எரிந்த கணமே சீட்டியடிக்க ஆரம்பித்துவிடும். தெருவில் கோழி கூவுவதற்கு முன்னால் இது கூவியது. "என்ற வளப்பு" என்று சின்னண்ணன் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

மல்லிகாவின் கொண்டை காணாமல் போனதை முதலில் பார்த்தவள் சௌந்திரம். கூட்டும்போது கூண்டுக்கடியில் சாம்பல் இறகு நாலைந்து கிடந்தது. இறகு உதிர்கிற காலம் என்று நினைத்தாள். அடுத்தடுத்த நாளும் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் மல்லிகாவின் உச்சந்தலை வெறும் தோலாக இருந்தது. கொஞ்ச நாளில் பிடரியும் போயிற்று. பழனிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்தது மாதிரி, பாக்கி உடம்பெல்லாம் நல்ல உடுப்போடு, தலை மட்டும் இளஞ்சிவப்பாக மல்லிகா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஜமீன், ஒரு இறகும் குலையாமல்.

"ஏனுங்க, உங்க சீமானப் பாத்தீங்களா? பொண்டாட்டிய மொட்டையடிச்சு உக்கார வெச்சிருக்கறான்" என்றாள் சௌந்திரம்.

சின்னண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் தலையைத் தானே ஒரு பறவை கொத்திக்கொள்ள முடியாது. ஆகவே ஜமீன் வேலைதான். கொஞ்ச நேரத்தில் அதுவே கண்ணெதிரே நடந்தது. ஜமீன் நகர்ந்து வந்து, மல்லிகாவின் காதோரம் இருந்த ஒரு இறகை மூக்கால் பற்றி, மெதுவாக இழுத்து, கீழே போட்டது.

டாக்டரிடம் காட்டலாம் என்றாள் சௌந்திரம். "கொத்தறதுக்குப் போயி நான் டாக்டர் ஊட்டு வாசல்ல நின்னா, அப்பறம் எந்தப் பண்ணைக்காரன் என்னயக் கூப்புடுவான்?" என்று அதோடு அந்தப் பேச்சை முடித்தார்.

பண்ணை வைத்தியம் ஆரம்பித்தது. தீவனத்தில் உப்புக் குறைந்தால் கொத்தும் என்பது முதல் பாடம். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். இரண்டும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, முழுத் தண்ணீரையும் குளித்துத் தீர்த்தன. அடுத்தது வேப்பெண்ணெய்: கொத்துப்பட்ட இடத்தில் தடவினால் கசப்புக்கு மறுபடி கொத்தாது. மல்லிகாவின் தலையில் தடவினார். ஜமீன் ஒரு தடவை மூக்கை வைத்து, தலையை உதறி, கம்பியில் மூக்கைத் துடைத்து, கொஞ்சம் யோசித்தது. பிறகு ஊறுகாய்க்குப் பழகினவர் மாதிரி வேலையைத் தொடர்ந்தது.

மூன்றாவது, சிவப்பு வெளிச்சம். சிவப்பு விளக்கில் கோழிக்கு ரத்தம் தெரியாது, கொத்துவது குறையும். டியூப்லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றினார். போர்டிகோ, மொபெட், அதன் மேல் காயப்போட்டிருந்த துண்டு எல்லாம் ரத்தச் சிவப்பாயின. தெருவில் போன பெண்கள் மாரியம்மன் நோம்பிக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, இப்பவே லைட் போட்டுவிட்டீர்களா என்று சௌந்திரத்தைக் கேட்டார்கள். ஆமாம், எங்கள் வீட்டில் சாமிக்கு முன்னாலேயே மொட்டை போட்டாயிற்று என்றாள் அவள்.

கடைசியில், கொத்துகிறதைத் தனியாகப் பிடித்துப் போடுவது. மகளுக்குச் சொன்ன வாக்கு ஒரு பக்கம் உறுத்த, ரெண்டு நாளைக்குத்தானே என்று ஜமீனை மைதிலியின் பழைய கூண்டில் போட்டு, பின்பக்கம் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பின்பக்கத்திலிருந்து ஜமீன் கத்தியது. முன்பக்கத்திலிருந்து மல்லிகா கத்தியது. நடுவீட்டில் சௌந்திரத்தின் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யார் யாரை அடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியவேயில்லை. மல்லிகா தினையைத் தொடவில்லை. மறுநாள் மத்தியானம், சின்னண்ணன் வேலைக்குப் போயிருந்தபோது, சௌந்திரமே ஜமீனைத் தூக்கிக்கொண்டு வந்து பெரிய கூண்டில் விட்டுவிட்டாள்.

விட்டதும் அவள் பார்த்த காட்சியை அன்று மாலை அவர் குளித்து முடிக்கும் முன்பே, தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். ஜமீன் உள்ளே போய் ஓரமாகத்தான் நின்றான். மல்லிகாதான் கம்பியெல்லாம் தத்தித் தத்தி ஓடிவந்து, அவன் மூக்குக்குக் கீழே தலையைக் கொண்டுபோய்க் குனிந்து வைத்தாள். அவன் சும்மா இருந்ததற்குத் தலையால் இடித்தாள்.

"இவளே கேட்டு வாங்கறாளுங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அவளுக்குத்தான் ரெண்டு போடலாம்னு இருந்துது" என்றாள் சௌந்திரம்.

இதற்கு நடுவே மைதிலிக்கு மாதம் ஏறிக்கொண்டே வந்தது. தினம் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் கிளிகளைக் காட்டச் சொல்வாள். மாசமாயிருக்கிற பிள்ளை மனம் நோகக்கூடாது என்று சௌந்திரம் போனை ஜமீனுக்கு மட்டும் காட்டுவாள். மல்லிகா எங்கே என்றால், கலயத்துக்குள் தூங்குகிறாள். அடுத்த நாள், குளிக்கிறாள். அதற்கும் அடுத்த நாள் சின்னண்ணன் கையில் போன் இருந்தது. பொய் சொல்லி வழக்கமில்லாத மனிதர், மல்லிகா வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். கூண்டுக் கிளி வெளியே எங்கேப்பா போகும் என்று மைதிலி கேட்டாள். சிக்னல் இல்லை என்று போனைச் சௌந்திரத்திடம் கொடுத்துவிட்டு மொபெட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

வளைகாப்பு முடித்து மகளை அழைத்துவர நாள் குறித்தாயிற்று. அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே சௌந்திரம் தீர்மானமாகச் சொன்னாள். ஒன்று ஜமீனின் மூக்கை வெட்ட வேண்டும். இல்லையென்றால் அவனைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை வந்து இறங்கும்போது மல்லிகா தலையில் ரெண்டு முடியாவது இருக்க வேண்டும்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் வெட்டறீங்க. நம்மூட்டு மூக்கு ஒண்ணுதானுங்களே?"

மறுநாள் தன் பண்ணைக்கு வேலைக்கு வந்தவரிடம் தீர்த்தகிரியும் இதையே வேறு மாதிரி கேட்டார். மோகனூர் பக்கம் பெரிய பண்ணை வைத்திருப்பவர். அவர் முதல் கொட்டகை போட்ட காலத்திலிருந்து சின்னண்ணன் அவருக்கு வேலை செய்கிறார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. "ஏப்பா சின்னண்ணா, உன்ற ஊட்டுல ஒருத்தி மொட்டையாமா? வேண்ணா நான் நல்ல ஆளாப் பாத்து அனுப்பட்டுமா?" என்றார். வேலையாட்கள் முட்டை அட்டையை அடுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சின்னண்ணனும் சிரித்துவைத்தார். ஆனால் மிஷினைக் கட்டும்போது கயிற்றில் முடிச்சு விழவில்லை.

அடுத்த நாள் காலையில் போர்டிகோவில் மிஷினை வைத்து ஒயரைச் சொருகினார். பிளேடு மெல்லச் சிவந்தது. சௌந்திரம் சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள்.

ஜமீனைப் பிடித்தார். கட்டைவிரல் தலைக்குப் பின்னால், ஆள்காட்டி விரல் தொண்டைக்கு அடியில். அழுத்தினார். நாக்கு உள்ளே போகவில்லை. பருத்த, உருண்டையான, கறுத்த நாக்கு. அது வெளியே வந்து அவர் விரலை அளந்து பார்த்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஜமீன் நறுக்கென்று கடித்தது. முப்பது வருடத்தில் லட்சக்கணக்கான மூக்குகள் கடிக்க முயன்ற விரல். இது ஒன்றுதான் சரியான இடம் பார்த்துக் கடித்தது. கையை உதறாமல் பிடியைத் தளர்த்தினார். ஜமீன் பறக்கவில்லை. அவர் கட்டைவிரல் நகத்தோரம் காய்ந்து தூக்கிக்கொண்டிருந்த தோலைப் பார்த்தது. கழுத்தைச் சாய்த்து, அந்தத் தோலை நுனி மூக்கால் பற்றி, கிள்ளி, கீழே போட்டது. அடுத்த துணுக்கைத் தேடியது. வலிக்கவேயில்லை.

சின்னண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொத்துகிற கோழியை அவருக்குத் தெரியும். அது பாயும், பிடுங்கும், ரத்தம் பார்த்தால் வெறிபிடிக்கும். மல்லிகாவின் தலையில் ஒரு கீறல் கிடையாது. சவரம் செய்த மாதிரி வழவழப்பு. இவன் கொத்தவில்லை. சீவிவிடுகிறான். சீவிவிடுவதை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. ஒரு தினையை நீட்டினார். ஜமீன் அதை வாங்கி, மேல்மூக்கின் கொக்கியில் முட்டுக்கொடுத்து, கீழ்மூக்கால் ஒரு சுற்றுச் சுற்றியது. தோல் தனியாக விழுந்தது, அரிசி உள்ளே போயிற்று. கோழி அரைத்த தீவனத்தை அள்ளித் தின்பது. நுனி போனாலும் பிழைத்துக்கொள்ளும். இந்த நுனியை எடுத்தால் இவன் தினை உரிக்க முடியாது, கம்பி ஏற முடியாது. கையில்லாதவன் ஆகிவிடுவான்.

ஒயரைப் பிடுங்கினார்.

"முடிஞ்சுதுங்களா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் சௌந்திரம்.

"முடிஞ்சுது."

அவள் வந்து பார்த்தாள். ஜமீனின் மூக்கு இருந்தபடி இருந்தது. சின்னண்ணனின் விரலில்தான் ரத்தம். "என்னங்க வெட்டுனீங்க?" என்றாள். அவர் ஜமீனைக் கூண்டுக்குள் விட்டுவிட்டு ஒயரைச் சுற்றி வைத்தார். அப்படியென்றால் கடைதான் என்றாள் அவள்.

கடைக்காரரிடம் பேசி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறோம் என்று.

வியாழக்கிழமை சின்னண்ணனுக்குத் தீர்த்தகிரி பண்ணையில் வேலை. வளர்கிற பெட்டைகள் இருந்த கொட்டகையில், முட்டைக்கு வருமுன்பே கொத்த ஆரம்பித்துவிட்டன, மறுபடி மூக்கைத் திருத்த வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். சின்னண்ணன் உள்ளே போனதும் மூக்கைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். வெயில் நேரத்திலும் கொட்டகை நெடுக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேற்று எப்போது அணைத்தார்கள் என்று கேட்டார். சீக்கிரம் முட்டைக்கு வரட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே விட்டிருப்பதாகத் தீர்த்தகிரி சொன்னார். தீவனத்திலும் சத்தைக் கூட்டியிருந்தார்.

சின்னண்ணனுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் மூக்கின் நுனி சிவக்கும்.

"ஏனுங்ணா, நீங்களே இப்படிப் பண்ணுனா எப்படீங்க? மூக்குல என்னங்க இருக்குது? எதுக்கு மூக்கத் திருத்தோணும்? நேரங்காலமில்லாம லைட்டப் போட்டு, கருவாடும் சோயாவும் அள்ளிப் போட்டு, இதுகள முட்டை முட்டைன்னு ஏத்தி உட்டா, ஒடம்பு ஒரு பக்கம் இழுக்கும், புத்தி ஒரு பக்கம் இழுக்கும். பக்கத்துல இருக்கறதப் பிடுங்காம அது வேறென்னங்க பண்ணும்? லைட்ட அமத்துனா…"

அந்த இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. அமத்தினால் என்ன ஆகும் என்று தீர்த்தகிரி கேட்டார். சின்னண்ணன் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மொபெட்டை எடுத்தார். அன்றைக்கு அவர் நடுரோட்டில் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, குளிக்காமலேயே ஏணியைப் போட்டு டைமரைக் கழற்றினார். டியூப்லைட்டைக் கழற்றினார். கூண்டுக்குள் கைவிட்டு மண்கலயத்தை எடுத்தார். அதன் உள்ளே ஜமீன் சுரண்டிச் சுரண்டி ஒரு குழி செய்து வைத்திருந்தது; மல்லிகாவின் கொண்டை இறகு அதில் மெத்தை மாதிரிக் கிடந்தது. தீவனக் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு வெறும் தினையும் கம்பும் வைத்தார். சௌந்திரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு விளக்கிச் சொன்னார். பறவைக்கு வெளிச்சம் நீண்டால் குஞ்சு பொரிக்கிற காலம் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். சத்தான தீனியும் கிடைத்து, கூடும் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்காக ஜமீனுக்கு ஒவ்வொரு நாளும் முதலிரவுக் கோலமாகவே இருந்திருக்கிறது. மல்லிகாவைக் கொஞ்சுவது தவிர வேறு வேலை இல்லை, கொஞ்சிக் கொஞ்சித்தான் மொட்டை.

சௌந்திரம் முழுதும் கேட்டாள். "அப்படீன்னா அத்தனைக்கும் காரணம் நீங்கதானா?" என்றாள்.

"நாந்தான்."

"நான் அந்தப் பையன எத்தன பேச்சுப் பேசியிருப்பேன்" என்று கூண்டுக்குள் பார்த்தாள். ஜமீன் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு, கலயம் இருந்த இடத்தில் கலயத்தைத் தேடிக்கொண்டிருந்தது. "கடைக்காரனுக்குப் போனப் போட்டு, வரலைன்னு சொல்லீருங்க. நாளைக்கு வரைக்கும் எதுக்கு."

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் கூண்டுக்கு மேல் பழைய வேட்டி. பொழுது விடிந்தால்தான் எடுப்பது. ஜமீனின் மூக்குக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றார் சின்னண்ணன். சும்மா இருக்கிற மூக்குத்தானே பக்கத்து இறகைத் தேடும். உதிர்த்த கம்புக்குப் பதில் முழுக் கதிராகவே கட்டிவிட்டார். தென்னங்குச்சி, முருங்கைக்கொத்து, பனையோலைத் துண்டு என்று தினம் ஒன்று. சௌந்திரம் மரத் துணிக்கிளிப் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள்; ஜமீன் அதை ஒரு பொழுதில் தூளாக்கியது. அதன்பிறகு அவள் துணி காயப்போடும் கொடியில் கிளிப் குறைந்துகொண்டே வந்தது. வேட்டி பறந்துபோய் அடுத்த வீட்டு முருங்கையில் தொங்கியபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கூண்டுக்கடியில் இறகு விழுவது நின்றது. ஆனால் நின்றால் போதுமா, முளைக்க வேண்டுமே. இறகு அவசரத்துக்கு முளைக்கிற பொருளில்லை என்பது சின்னண்ணனுக்குத் தெரியும், சௌந்திரத்துக்குத்தான் தெரியாது. தினமும் காலையில் வேட்டியை எடுத்ததும் மல்லிகாவின் தலையைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். வளைகாப்புக்குச் சில நாள் முன்னால் தோலில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு அவை வெள்ளை முட்களாக நீண்டன. ஒவ்வொரு இறகும் ஒரு மெழுகுக் குழாய்க்குள் சுருண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. மொட்டைத்தலையே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. மல்லிகா இப்போது கழுத்துக்கு மேலே ஒரு பலாப்பிஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கோலத்தில்தான் மைதிலி வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். கூடச் சபரிநாதனும் அவனுடைய அம்மாவும். சௌந்திரம் ஆரத்தி சுற்றும் சாக்கில் கூண்டை மறைத்துக்கொண்டு நின்றாள். தட்டு வழக்கத்தை விட அதிகமாகச் சுற்றியது. மைதிலி அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றாள். சின்னண்ணன் முன்னால் வந்தார். என்ன சொல்வதென்று பல நாளாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. லைட்டு, கருவாடு, கலயம், பிளேடு வரைக்கும் போனது என்று ஒன்று விடாமல் வரிசை மாறி மாறிச் சொன்னார். பின்பக்கத் தொட்டிக்குப் பக்கத்தில் ஜமீனைத் தனியாக வைத்ததையும் சொன்னார்.

"உங்கிட்டச் சொன்ன வாக்க ஒருநா மீறீட்டேன் சாமி."

சபரிநாதனின் அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் போய் இரண்டையும் பார்த்தார். மொட்டையடிக்கிற கிளியை எதற்குக் கூட வைத்திருக்கிறீர்கள், உங்கள் கையிலேயே தொழில் இருக்கிறதே, மூக்கை ஒரு வெட்டு வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். சபரிநாதன் தன்னையறியாமல் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டான்.

"அந்த மூக்க வெட்ட மாட்டனுங்க சம்பந்தியம்மா. அது அதுக்குக் கையிங்க" என்றார் சின்னண்ணன்.

அப்போது மல்லிகா நகர்ந்தது. கம்பியில் தத்தித் தத்தி ஜமீனிடம் போய், முள் முள்ளாக நின்ற தலையை அதன் மூக்குக்கு நேரே குனிந்து வைத்தது. சௌந்திரம் ஆரத்தித் தட்டை இறக்க மறந்து நின்றாள். ஜமீன் கம்புக்கதிரைக் கீழே போட்டுவிட்டு, கழுத்தைச் சாய்த்து, ஒரு முள்ளை நுனி மூக்கால் பிடித்தது. சின்னண்ணனின் கை தானாகக் கூண்டுக் கதவுக்குப் போயிற்று. மைதிலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜமீன் முள்ளை அடியிலிருந்து நுனி வரை மெல்ல மென்றது. வெள்ளையாக ஒரு துகள் உதிர்ந்தது. குழாய் வெடித்து, உள்ளே சுருண்டிருந்த சாம்பல் இறகு ஈரமில்லாமல், கசங்காமல் விரிந்து நின்றது. ஜமீன் அதை விட்டுவிட்டு அடுத்த முள்ளைத் தேடியது. மல்லிகா கண்ணை மூடிக்கொண்டது.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குதுப்பா, அது போதும்" என்றாள் மைதிலி. பிறகு மல்லிகாவை இன்னொரு முறை பார்த்தாள். வளையலெல்லாம் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். மாசமாயிருக்கிற பிள்ளை இப்படிச் சிரிக்கக்கூடாது என்று சௌந்திரம் அதட்டினாள். அதட்டும்போதே அவளுக்கும் வந்துவிட்டது.

எல்லோரும் உள்ளே போன பிறகு சின்னண்ணன் கூண்டுக்கடியில் குத்த வைத்து உட்கார்ந்தார். விழுந்து கிடந்த வெள்ளைத் துகள்களை உள்ளங்கையில் கூட்டியெடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்தார். எதிலும் இறகு இல்லை. உள்ளேயிருந்து சௌந்திரம் சோறுண்ண மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். வாரேன் என்றார், மேலேயிருந்து இன்னொரு துகள் விழட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார்.